வடிவம் பொருந்தியது, வோல்ட் பொருந்தவில்லை: விசுவமடுப் பக்கம் எரிந்த நெபுலைசரும் ஒரு அம்மாவின் ரொறன்ரோப் பயணமும்

வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த மிசின் இங்கே பிளக்கில் போட்ட சில நிமிடத்தில் எரிந்து போவது வன்னியில் புது விஷயம் இல்லை. ஆடி, ஆவணியில் கனடாவில் பள்ளிக்கூடம் பூட்டியதும், மடுத் திருவிழாவுக்கும் ஊர்க் கோயில்களுக்கும் என்று சனம் வந்து இறங்கும். அந்த நாட்களில் கிளிநொச்சி, பரந்தன் பக்கத்துத் திருத்து வேலைக் கடைகளில் இப்படியான சாமான்கள் வந்து குவியும்: தலைமுடி காய வைக்கும் டிரையர், ரைஸ் குக்கர், குழந்தைக்குப் பால் சூடாக்கும் மிசின். அநேகமாக நட்டம் காசோடு போய்விடும். இது காசோடு போகாத ஒன்று. எரிந்தது முட்டு வருத்தக்கார அம்மா ஒருவரின் நெபுலைசர், அதுவும் நடுச்சாமத்தில். அந்தக் குடும்பத்திடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆட்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். வயரிங்கும் திருத்து வேலையும் என் தொழில் என்பதால் மிசினைக் கழற்றிப் பார்த்தது முதல் பிறகு அந்த அம்மா கனடா போகப் பெட்டி அடுக்கியது வரை கூடவே இருந்தேன்.

நடந்தது

வீடு விசுவமடுப் பக்கம், போருக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கட்டியது, பின்பக்கம் மகள் அனுப்பிய காசில் ஒரு அறையும் குளியலறையும் சேர்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. முட்டு கன காலமாக இருக்கிறது, ஆடிக் காற்றில் தூசி கிளம்பும் நாட்களில் கூடும். ரொறன்ரோவில் இருக்கும் மகள் குடும்பத்தோடு வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு புது நெபுலைசர் கொண்டு வந்தார். மருந்தைக் காற்றால் அடித்துப் புகைபோல ஆக்கி, மாஸ்க் வழியாக உள்ளே இழுக்க வைக்கும் சின்னக் கொம்பிரசர் அது. ஒவ்வொரு முறையும் முட்டு இழுக்கும்போது அம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். அதோடு விமான நிலையத்தில் வாங்கிய, எல்லா நாட்டுக்கும் ஏற்றது என்று எழுதிய கட்டை அடப்டர் ஒன்று, ஆறு பொயின்ட் உள்ள கனடா எக்ஸ்டென்ஷன் ஒன்று. குடும்பத்தில் எல்லோருக்கும் போன் இருக்கிறது, பிளக் பொயின்ட் போதாது என்று யோசித்துக் கொண்டு வந்தது.

வந்த அன்று பின்னேரம் அந்தக் கட்டை அடப்டரைச் சுவரில் போட்டு, அதில் எக்ஸ்டென்ஷனைச் செருகி, போன்களைச் சார்ஜ் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எக்ஸ்டென்ஷனுக்குள் டப் என்று ஒரு சத்தம், கருகல் மணம். சூட்கேஸில் அடிபட்டிருக்கும் என்று நினைத்து அதை எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டார்கள். போன் சார்ஜர்களை நேராக அடப்டரில் மாற்றி மாற்றிப் போட்டபோது ஒரு குறையும் இல்லை. ஆகவே அடப்டர் நல்லது, எக்ஸ்டென்ஷன்தான் பழுது என்று முடிவுகட்டினார்கள்.

அந்த முடிவுதான் இரவு வினையாகியது. அம்மாவுக்கு இழுப்புத் தொடங்க, மகள் நெபுலைசரை எடுத்து, மருந்து விட்டு, அதே அடப்டரில் போட்டார். மிசின் ஓடியது. ஓடாமல் இருந்திருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டிருப்பார்கள். அது வழமைக்கு மிஞ்சிய உறுமல் சத்தத்தோடு, கைவைத்தால் நடுங்குகிற மாதிரி ஓடியது. புது மிசின், பலமாக வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். சில நிமிடத்தில் வார்னிஷ் எரிகிற மணம் வந்தது, அம்மா மாஸ்க்குக்குள் இருமத் தொடங்கினார், மகள் மாஸ்க்கைப் பறித்து எடுக்கவும் மிசின் நிற்கவும் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விடியும்போது அம்மாவுக்குச் சுகம்.

அடுத்த நாள் மருமகன் அந்த மிசினோடு வந்தார். "அண்ணை, கனடாவில கடையில போட்டுக் காட்டித்தான் தந்தவங்கள். அங்க நல்லா வேலை செய்தது. உங்கட கரண்ட்தான் கூடிக் குறையுதோ தெரியேல்ல" என்றார்.

மேசையில் பார்த்தது

எங்கள் கரண்ட் கூடிக் குறைவது உண்மைதான், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் பல்ப் மங்குவதை எல்லோரும் கண்டிருப்போம். ஆனால் இந்த மிசின் அதனால் எரியவில்லை. இலங்கையில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்பது கரண்டின் அலை ஒரு செக்கனில் எத்தனை முறை வந்து போகிறது என்ற கணக்கு. மிசினைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருந்த வெள்ளித் தாளில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தது. விடை அதிலேயே இருக்கிறது. மிச்சத்தையும் சொல்வதற்குக் காரணம், மருமகன் கேட்ட அடுத்த கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்: "அப்ப ஏன் போன் சார்ஜர் எரியேல்ல? ஏன் பியூஸ் போகேல்ல? ஏன் ட்ரிப் சுவிச் விழேல்ல?"

முதலில் மிசின். கழற்றினால் உள்ளே மோட்டாரின் கொயில் கறுத்து, மேலே சுற்றியிருந்த நாடா உருகி ஒட்டியிருந்தது. கொயிலோடு தொடராக வைத்திருக்கும், சூடு மிஞ்சினால் அறுகிற வெப்ப பியூஸ் அறுந்திருந்தது, மீற்றரில் தொடர்பு இல்லை. இரும்புக் கருவில் கொயில் சுற்றிய இந்த வகை மோட்டாருக்குள் காந்தப் பாயம், அதாவது இரும்புக்குள் ஓடும் காந்தத்தின் அளவு, எவ்வளவு எழும் என்பதை இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது: வோல்ட் கூடினால் பாயம் கூடும், ஹேர்ட்ஸ் குறைந்தாலும் பாயம் கூடும். இங்கே இரண்டுமே தவறான பக்கம். 120 க்குப் பதில் 230, அது 1.9 மடங்கு. 60 க்குப் பதில் 50, அது இன்னும் 1.2 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், அந்த இரும்பு தாங்கும் என்று கணக்குப் போட்டுச் செய்த அளவின் 2.3 மடங்கு பாயம் கேட்கப்படுகிறது. இரும்பு அவ்வளவை ஏற்காது, நிரம்பிவிடும். நிரம்பியதும் கொயில் வெறும் கம்பிச் சுருள் மாதிரிக் கரண்டை இழுக்கத் தொடங்கும். அவர்கள் கேட்ட உறுமலும் நடுக்கமும் இதுதான். அப்புறம் சூடு, வார்னிஷ், மணம், வெப்ப பியூஸ்.

தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் மூன்று அங்குலப் பம்பை நேராகப் பூட்டினால் குழாய் வெடிக்கும் அல்லவா, பூட்டுகிற வாய் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினாலும் வெடிக்கும், அடப்டர் செய்தது அந்த வாயைப் பொருத்திக் கொடுத்ததை மட்டும்தான். 120 வோல்ட்டைத் தேடி வந்த தட்டை முனைகளை எங்கள் 13 அம்பியர் சதுர முனைப் பொயின்ட்டில் நுழையும்படி வடிவம் மாற்றியது, வோல்ட்டில் கை வைக்கவில்லை. அந்த அடப்டரின் பின்பக்கத்தில், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற புடைப்பு எழுத்தில், வோல்ட்டை மாற்றாது என்று இருந்தது. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருந்தது உலகம் முழுவதும் என்பதைத்தான். இதை வாங்கிய மகளில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அந்த எச்சரிக்கை முன்பக்கத்தில் சிவப்பில் இருக்க வேண்டியது.

போன் சார்ஜர் ஏன் தப்பியது? அதன் உடம்பில் இன்புட் 100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். உள்ளே வருகிற கரண்டை முதலில் நேர்க் கரண்டாக்கி, பிறகு வேகமாக வெட்டி வெட்டி 5 வோல்ட்டாகவோ 9 வோல்ட்டாகவோ தருகிற சுற்று அது. கனடாவோ கனகராயன்குளமோ அதற்கு ஒன்றுதான். லப்டொப் சார்ஜர், கமெரா சார்ஜர், நித்திரையில் மூச்சுக்கு மாட்டும் சீபாப் மிசின்களில் அநேகமானவை எல்லாம் இந்த வகை. சார்ஜர்கள் நன்றாக வேலை செய்ததைப் பார்த்துத்தான் அடப்டர் எல்லாவற்றுக்கும் போதும் என்ற நம்பிக்கை வந்தது.

எக்ஸ்டென்ஷன் வெடித்த காரணம் தனி. கனடாவில் விற்கும் எக்ஸ்டென்ஷன்களில் பலவற்றில் இடி மின்னல் பாய்ச்சலைப் பிடிக்க ஒரு சின்ன வட்ட வில்லை வைத்திருப்பார்கள். 120 வோல்ட் லைனுக்கென்று அளந்து வைத்தது. எங்கள் 230 வோல்ட்டின் உச்சி 325 வோல்ட் வரை போகும், அந்த வில்லைக்கு அது நிற்காத மின்னல் மாதிரி, ஆகவே கரண்டைத் தன் வழியாக ஓடவிட்டு வெடித்துவிடும். அந்த டப் சத்தம் இந்த வீட்டு லைன் 120 அல்ல என்று மிசினுக்கு முன்பே சொல்லிவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருகிற யாரும் எக்ஸ்டென்ஷன் கொண்டு வரவே வேண்டாம். கிளிநொச்சிக் கடைகளில் இங்கத்தைய பிளக்கோடு, உள்ளே பியூஸோடு இருக்கிறது, வாங்கலாம்.

சரி, பாதுகாப்பு ஏன் ஒன்றும் வேலை செய்யவில்லை? அடப்டருக்குள் ஒரு பியூஸ் இருந்தது, கழற்றிப் பார்த்தேன், அது நல்லபடி இருந்தது. அந்த மாதிரிக் கட்டைகளில் 6, 8, 10 அம்பியர் பியூஸ் வைப்பார்கள். ஒன்றரை அம்பியர் எடுக்க வேண்டிய சின்ன மோட்டார் நாலைந்து அம்பியர் இழுத்தாலும் அந்தப் பியூஸுக்கு அது சாதாரணம். சுவர்ப் பொயின்ட்டுக்கு உரிய பிரேக்கர் அதைவிடப் பெரியது. ட்ரிப் சுவிச் என்று நாங்கள் சொல்வது 30 மில்லி அம்பியர் அளவு கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் விழுகிற ஒன்று. இங்கே கசிவே இல்லை, கரண்ட் ஒழுங்காக ஒரு வயரால் போய் மற்ற வயரால் வந்துகொண்டிருந்தது, நடுவில் கொயில் எரிந்துகொண்டிருந்தது. பியூஸ் வயரைக் காக்கும், ட்ரிப் சுவிச் மனிதரைக் காக்கும், பிழையான வோல்ட்டில் போட்ட மிசினைக் காக்க வீட்டில் ஒன்றும் இல்லை. கடைசியில் வேலை செய்தது மிசினுக்குள்ளேயே இருந்த வெப்ப பியூஸ் மட்டும். அதுவும் இல்லாத மலிவு மிசினாக இருந்திருந்தால் கட்டில் பக்கத்தில் நெருப்பு.

கொயிலை மீளச் சுற்றலாமா என்று மருமகன் கேட்டார். நோயாளி மூச்சில் இழுக்கும் காற்றைத் தருகிற மிசினில் அந்த வேலைக்கு நான் கை வைக்க மாட்டேன். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போட்டால் புது மிசின் ஒன்றைக் காப்பாற்றியிருக்கலாமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 300 வீஏ (வோல்ட்டை அம்பியரால் பெருக்கிய அளவு) ட்ரான்ஸ்போமர் ஒன்று வோல்ட்டை 110 க்கு இறக்கும், ஆனால் ஹேர்ட்ஸை மாற்றாது. 50 ஹேர்ட்ஸில் அந்த மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், காற்றழுத்தம் குறையும், மருந்து முடிய நேரம் எடுக்கும், சூடும் கொஞ்சம் கூடும். அவசரத்துக்கு ஓடும் என்றாலும், அதைவிட இங்கத்தைய 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ் நெபுலைசரை ஊர்ப் பார்மசியில் வாங்குவது எல்லா வகையிலும் நல்லது. மகள் அன்றைக்கே வாங்கிவிட்டார்.

லப்டொப் சுள்ளென்றது

அதே வீட்டில் இன்னொரு முறைப்பாடும் இருந்தது, மருமகன் போகிற போக்கில் சொன்னார். லப்டொப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டு அலுமினிய உடம்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு கடிக்கிற மாதிரிச் சுள்ளென்கிறதாம், வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றால் கூடுதலாம். இது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது, வீட்டு வயரிங்கில் பழி போடுவார்கள். இங்கேயும் குற்றவாளி அந்தக் கட்டை அடப்டர்தான். கனடா லப்டொப் வயரில் மூன்று முனை, மூன்றாவது ஏர்த், கசிகிற கரண்டை நிலத்துக்குக் கொண்டுபோவது. கட்டை அடப்டர்களில் அநேகமானவை மூன்றாவது முனை நுழைய ஒரு ஓட்டை வைத்திருக்கும், ஓட்டைக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. ஏர்த் அறுந்தவுடன் சார்ஜருக்குள் இரைச்சலை வடிக்க வைத்திருக்கும் சின்னக் கப்பாசிற்றர்கள் வழியாக மிகச் சிறிய கரண்ட் உடம்புக்கு வரும். ஆளைக் கொல்லாது, ஆனால் அதே அடப்டரில் உலோக உடம்புள்ள அயனையோ கேத்திலையோ போட்டு அதற்குள் வயர் கழன்றால் கதை வேறு.

இதற்கு அடப்டரே தேவையில்லை. லப்டொப் சார்ஜரின் கட்டையிலிருந்து சுவருக்குப் போகிற வயர் கழற்றிப் பூட்டக்கூடியது. மூன்று இதழ் மாதிரி வாய் ஒரு வகை, கொம்பியூட்டருக்குப் போடுகிற பெரிய மூன்று முனை வாய் ஒரு வகை, எட்டு வடிவ இரண்டு முனை வாய் இன்னொரு வகை. மூன்றுமே உலகம் முழுக்க ஒரே அளவு. இங்கே எந்தக் கொம்பியூட்டர் கடையிலும் அதே வாயும் மறுபக்கம் 13 அம்பியர் பிளக்கும், பிளக்குக்குள் பியூஸும் உள்ள வயர் இருக்கிறது. அதை வாங்கிப் பூட்டினால், மூன்று முனை வாய் என்றால் ஏர்த்தும் சேர்ந்துவிடும், தொங்குகிற கட்டையும் இல்லை. மருமகன் அப்படி மாற்றிய பிறகு சுள்ளென்பது நின்றுவிட்டது. பயணம் போகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வயர் கழருமா என்று பாருங்கள், கழருமென்றால் போகிற நாட்டு வயர் ஒன்று வாங்குங்கள், அடப்டரைப் பிறகு யோசிக்கலாம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செய்கிற ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டு உருண்டை முனைச் சார்ஜரைச் சதுர முனைப் பொயின்ட்டில் போட, மேல் ஓட்டைக்குள் பேனையையோ ஈர்க்கையோ விட்டுக் கதவைத் திறக்கிறோம். அந்தக் கதவு பிள்ளைகளின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் இருக்க வைத்தது. உருண்டை முனை அந்தச் சதுரத் துளைக்குள் இறுக்கமாக இருக்காது, தளர்ந்து பொறி பறக்கும், பொயின்ட் கருகும். அந்த வீட்டு விறாந்தைப் பொயின்ட்டும் அப்படித்தான் கருகியிருந்தது, மாற்றிக் கொடுத்தேன்.

பாயில் பரப்பிப் பார்த்தோம்

அடுத்த வருடம் அம்மா கனடா போக விசா வந்தது. மகளே போனில் கூப்பிட்டு, இந்த முறை பெட்டி கட்ட முதல் ஒருக்கால் வந்து பாருங்கோ அண்ணை என்று கேட்டார். கட்டுநாயக்கவில் ஏறி டோஹாவில் மாறி, சூரிச் பக்கத்தில் இருக்கும் மகன் வீட்டில் சில கிழமை நின்று, அங்கிருந்து ரொறன்ரோ. கரண்ட் கணக்கில் இது சுவாரசியமான வழி. கட்டாரில் பொயின்ட் நம்முடையதைப் போலவே சதுர முனை, 240 வோல்ட், அங்கே ஒன்றும் வேண்டியதில்லை. சுவிஸில் 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ், ஆகவே நம் சாமான் எல்லாம் ஓடும், ஆனால் பொயின்ட்டின் வடிவம் அந்த நாட்டுக்கே உரியது. ரொறன்ரோவில் வடிவமும் வேறு, வோல்ட்டும் வேறு, ஹேர்ட்ஸும் வேறு.

அம்மா கொண்டுபோக விரும்பிய கரண்ட் சாமான் எல்லாவற்றையும் பாயில் பரப்பச் சொன்னேன். புது நெபுலைசர், போன், ரோர்ச் லைற், மல்லித்தண்ணி கொதிக்க வைக்கச் சின்னக் கேத்தில், தோசை மாவுக்கும் சம்பலுக்கும் கிரைண்டர். ஒவ்வொன்றாகத் திருப்பி அடியில் எழுதியிருப்பதைப் படித்து, பேரன் ஒரு கொப்பித் தாளில் எழுதினான். 100–240 என்று இருந்தவை ஒரு பக்கம், 230 அல்லது 220–240 என்று மட்டும் இருந்தவை மறுபக்கம். அடப்டர் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். பெரும்பாலானோர் முதலில் அடப்டரை வாங்கிவிட்டு என்னென்ன கொண்டுபோகலாம் என்று பார்க்கிறார்கள், ஆனால் என்ன போகிறது என்று தெரியாமல் எந்த அடப்டர் வேண்டும் என்று சொல்லவே முடியாது.

கேத்தில் உடனே வெளியே. 2000 வாட்ஸ் கேத்திலை 120 வோல்ட்டில் போட்டால் எரியாது, ஆனால் வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தோடு போவதால் ஏறக்குறைய 545 வாட்ஸ்தான் தரும், தண்ணி கொதிக்க இங்கத்தையைவிட நாலு மடங்கு நேரம் கிட்ட எடுக்கும். அங்கே மகள் வீட்டில் கேத்தில் இருக்கிறது.

கிரைண்டர்தான் பெரிய விவாதம். அம்மாவுக்கு அந்தக் கிரைண்டரில் நம்பிக்கை, அதில் அரைத்த மாதிரி வராது என்றார். 750 வாட்ஸ், 230 வோல்ட். 120 இல் போட்டால் வெறும் ஜாரோடு சுற்றும், உளுந்து போட்டதும் திணறி நின்று சூடாகும். வோல்ட்டை ஏற்றும் ட்ரான்ஸ்போமர் வைக்கலாம், ஆனால் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1500 வீஏ அளவில் வேண்டும், அதன் பாரத்துக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் எவ்வளவு கொண்டுபோகலாம். ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளில் அந்த நாட்டுக் கரண்டுக்கே செய்த 110 வோல்ட் கிரைண்டர் விற்கிறார்கள். மகள் அதைச் சொன்ன பிறகும் அம்மா அரைமனதோடுதான் விட்டார். பதிலுக்குத் தேங்காய் திருவுகிற கைத்திருவலையை வைத்தோம். அதற்கு வோல்ட் பிரச்சினை இல்லை, கூர் உள்ளது என்பதால் கைப்பையில் இல்லாமல் பெரிய பெட்டிக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

நெபுலைசரில்தான் நேரம் செலவழித்தோம், அது சரியாக வர வேண்டும். இங்கே வாங்கியது 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ். சுவிஸில் ஓடும். ரொறன்ரோவில் 120 இல் மோட்டார் பலமில்லாமல் முனகும், மருந்து புகையாகாது, எரியாவிட்டாலும் முட்டு நேரத்தில் எரிந்ததும் ஓடாததும் ஒன்றுதான். ஆகவே அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, கைக்குள் அடங்குகிற, நுண் துளைத் தகட்டால் மருந்தைப் புகைபோல ஆக்கும் மெஷ் வகை நெபுலைசர் ஒன்று வாங்கச் சொன்னேன். அது 5 வோல்ட் யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும், பட்டரியில் ஓடும், விமானத்துக்குள்ளும் கையில் இருக்கும். ஆனால் எல்லா மருந்தும் மெஷ்ஷுக்கு ஏற்றதில்லை, அந்த நுண் துளைகளை அடைக்கிறவையும் உண்டு, ஆகவே மருந்துச் சீட்டோடு டொக்டரிடம் காட்டிக் கேட்ட பிறகே வாங்கினார்கள். டொக்டர் அதற்கு மேலும் ஒன்றைச் செய்தார்: ஸ்பேசர் குழாயோடு இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, அதை எப்படி இழுப்பது என்று அம்மாவுக்குப் பழக்கிவிட்டார். எந்த நாட்டிலும் பிளக் கேட்காதது அது. வருத்தத்துக்கான மிசின் கொண்டுபோகிற எல்லோரும், கரண்ட் இல்லாமல் வேலை செய்கிற மாற்று வழி ஒன்றை டொக்டரிடம் கேட்டு வைத்திருக்க வேண்டும். 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாடு நம்முடையது, இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆக, மிஞ்சியது எல்லாம் யூஎஸ்பி. போன், ரோர்ச், நெபுலைசர் மூன்றுக்கும் 100–240 வோல்ட் எழுதிய, மூன்று வாய் உள்ள ஒரு நல்ல சார்ஜர். அதன் பிளக் நம்முடைய சதுர முனை. இப்போது அடப்டர் கேள்வி ஒரே ஒரு சார்ஜருக்கு மட்டும்.

சுவிஸில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஐரோப்பா என்று எழுதிய அடப்டர்களில் பல, ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் போகிற தடித்த வட்ட உடம்புடையவை. சுவிஸ் பொயின்ட் சுவருக்குள் ஆறு பக்கக் குழியாக அமர்ந்திருக்கும், மூன்று மெல்லிய உருண்டை முனை, நடு முனை கொஞ்சம் விலகி இருக்கும். தடித்த வட்ட உடம்பு அந்தக் குழிக்குள் இறங்கவே இறங்காது. மெல்லிய தட்டை உடம்புள்ள இரண்டு முனைப் பிளக் இறங்கும், சார்ஜர் மாதிரிச் சின்னச் சாமானுக்கு அது போதும், 2.5 அம்பியர் வரைதான். பரிஸில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அடப்டர் தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார், அதை வேண்டாம் என்றேன். மகனிடமே சுவிஸ் முனைக்கு ஒன்று வாங்கி வைக்கச் சொன்னோம். கனடாவுக்கு, சதுர முனை உள்ளே போய் வெளியே இரண்டு தட்டை முனையும் ஒரு உருண்டை ஏர்த்தும் உள்ள தனி அடப்டர் ஒன்று கொழும்பில் வாங்கினார்கள். எல்லா நாட்டுக் கட்டையைவிட ஒரு நாட்டுக்கென்று செய்த சின்ன அடப்டரையே எப்போதும் விரும்புகிறேன். இழுத்துத் தள்ளுகிற முனைகள் இல்லை, ஏர்த் உண்மையாகவே தொடருகிறது, மீற்றர் வைத்துப் பார்த்தேன்.

வேறு வழிகளுக்குப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக: லண்டனுக்கு ஒன்றும் வாங்காதீர்கள், அதே சதுர முனை, அதே 230 வோல்ட். அவுஸ்திரேலியாவில் வோல்ட் நம்முடையதுதான், முனை சரிந்த தட்டை. இந்தியாவுக்குக் கோயில் பார்க்கவோ வைத்தியத்துக்கோ போகிறவர்களுக்கு, நம் வீடுகளில் முன்பு இருந்த 5 அம்பியர் உருண்டை மூன்று முனைதான் அங்கேயும், வோல்ட்டும் ஒன்றுதான்.

பவர் பாங்கும் ஒன்று இருந்தது, 20,000 மில்லி அம்பியர் மணி. 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி, விமானங்கள் கேள்வி இல்லாமல் விடும் 100 க்குள் இருக்கிறது. பேரன் அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்திருந்தான், எடுத்துக் கைப்பைக்குள் வைக்கச் செய்தோம், தனியாக இருக்கும் லிதியம் பட்டரியைப் பாரப் பெட்டியில் ஏற்ற விடமாட்டார்கள். நெபுலைசரும் டொக்டரின் கடிதமும் அதே கைப்பையில். ஏ9 வீதி வழியாக இரவு வான் வண்டியில் கட்டுநாயக்க போகும்போதே அம்மா அதை மடியில் வைத்திருந்தார்.

அங்கே போன பிறகு

சூரிச்சில் இரண்டாம் நாளே குளிரில் முட்டு இழுத்தது. மெஷ் நெபுலைசர் வேலை செய்தது, இன்ஹேலரும் கையில் இருந்தது. ரொறன்ரோவில் ஒரு சின்னக் குழப்பம்: அம்மாவின் அறைச் சார்ஜர் குளியலறைக் கண்ணாடிப் பக்கத்துப் பொயின்ட்டில் வேலை செய்யவில்லை, அடப்டர் எரிந்துவிட்டது என்று பயந்துவிட்டார். அங்கே குளியலறை, குசினிப் பொயின்ட்களிலேயே சின்னதாக ஒரு ட்ரிப் சுவிச் சேர்ந்திருக்கும், நடுவில் இரண்டு பொத்தான் இருக்கும். அது விழுந்திருந்தது, மகள் அழுத்தியதும் வந்துவிட்டது.

திரும்பி வருவதற்கு முன் அம்மாவே வீடியோவில் கூப்பிட்டார். முழங்கால் நோவுக்கு மகள் வாங்கிக் கொடுத்த, கரண்டில் சூடாகிற துணிப் பட்டி ஒன்று நல்ல சுகம் தருகிறதாம், ஊருக்குக் கொண்டு வரட்டோ தம்பி என்று கேட்டார். கேட்கும்போதே அதன் வயரில் இருந்த சிட்டையைக் கமெராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினார், 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ், 50 வாட்ஸ். இங்கே போட்டால் 50 அல்ல, 180 வாட்ஸுக்கு மேல் இழுக்கும், அதுவும் போர்வைக்குள், காலோடு சுற்றிக்கொண்டு நித்திரை கொள்கிறபோது. அங்கேயே விட்டுவிட்டு வாங்கோ அம்மா என்றேன். கிளிநொச்சியில் 230 வோல்ட்டுக்குச் செய்த அதே மாதிரிப் பட்டி ஒன்று பார்மசியில் இருந்தது, அவர் வருவதற்குள் பேரன் வாங்கி வைத்துவிட்டான்.